கல்லில் நிற்பவர் யார்? கடலில் மாண்டவர் யார்?

போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிசுபனில், தேசோ ஆற்றங்கரையில், கண்டறிவுகளின் நினைவுத்தூண் என்னும் மாபெருங் கற்கலம் ஒன்று நிற்கின்றது. 1940இல் கண்காட்சி ஒன்றிற்கென நிலையாப் பொருள்களால் எழுப்பப்பெற்ற அது, இளவரசன் என்றி மறைந்து 500 ஆண்டுகள் நிறைந்ததையொட்டி, 1960இல் கற்காரையாலும் கல்லாலும் மீண்டுங் கட்டப்பெற்றது. இருமுறையும் கட்டியது சாலசாரின் வல்லாட்சியே!

உயரம் 50 மீட்டருக்கு மேல், உருக்கள் 33. முனையில் நிற்பவன் என்றி. அவனோ கலங்களை ஏவியவனேயன்றி, அறியாக் கடலைத் தானே அளந்தவன் அல்லன். அவன் பின்னே மன்னரும் கலத்தலைவரும் மறைபரப்புநரும் பாவலரும் நிரல்பட நிற்கின்றனர். மீகாமர் சிலர்க்கும் இடமுண்டு. ஆயின், பாய் இழுத்தவன் எங்கே? கலத்துள் புகுந்த நீரை இறைத்தவன் எங்கே?

1497இல் வாசுகோ டகாமாவொடு புறப்பட்டோர் ஏறத்தாழ 170 பேர். அவருள் மூன்றில் ஒரு பங்கினரே ஊர் மீண்டனர். ஈறு வீங்கி அழுகும் நோயால் மாண்டோர் பலர். 1498இல் மலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக்கு வழிகாட்டியவனோ அக்கரையிற் பெற்ற அயல்மீகாமன். அவனுக்கும் அக்கல்லில் இடமில்லை.

இன்னுங் கேண்மின்! 1444இல் இலாகோசுத் துறையில் ஆப்பிரிக்க மக்கள் 235 பேர் அடிமைகளாகப் பங்கிடப்பெற்றனர். ஐந்தில் ஒரு பங்கு என்றிக்கு. அக்கொடுமையை ஏட்டில் எழுதிவைத்த சுராராவும் இத்தூணில் நிற்கின்றான். எழுதியவனுக்கு இடமுண்டு, எழுதப்பட்டோர்க்கு இல்லை!

"நாட்டின் கடற்பெருமையைப் பழிக்கலாமோ?" என்பார் உளர். கடலோடிய திறத்தைப் பழிப்பார் எவருமிலர். அத்திறத்துக்கு உரியோரை மறைத்து, ஏவியோர்க்கே மாலை சூட்டுதலே பழிக்கத்தக்கது.

வேறு வழியும் உண்டு. அமெரிக்காவின் குளூசெசுட்டர்த் துறையில் 1925இல் நாட்டப்பெற்ற வெண்கலச் சிலை, இளவரசனுடையதன்று. சுக்கான் பற்றி அலைநோக்கி நிற்கும் மீனவன் ஒருவனுடையது. அதனைச் சூழ்ந்த தகடுகளில், கடல்கொண்ட ஐயாயிரவர்க்கு மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பெற்றுள்ளன.

நடுகல் நாட்டிய தமிழினத்தார்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். ஆநிரை மீட்டு வீழ்ந்த சிற்றூர் மறவனுக்கும் பெயர் பொறித்துக் கல்லெடுத்தனர் நம் முன்னோர். மாண்டவனை மறந்து, அனுப்பியவனை நிறுத்தும் கல் எத்துணை உயர்ந்தாலும் நினைவுக்கல் ஆகாது; அது வெறும் ஆட்சிக்கல்லே!