தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட்டர்

மார்கழி மாதத்தில் குளியலறை ஹீட்டர் பழுதுபட்டால், காவேரிப்பாக்கத்திலும் வாலாஜாவிலும் இல்லத்தார் அடிக்கடி கேட்கும் பரிகாரம் ஒன்று உண்டு: "தெர்மோஸ்டாட் போயிடுச்சு, டைரக்ட்டா குடுத்துடறேன்." தண்ணீர் உடனே சுடுகிறது, செலவும் குறைவு, ஆகையால் ஒருவரும் ஆட்சேபிப்பதில்லை. ஆட்சேபித்தே தீர வேண்டும் என்பதும், அந்தச் சிறு உபகரணத்தை வாங்கித் தாமே பொருத்திக்கொள்ளும் திறமை குடும்பத்தில் ஒருவருக்கேனும் அவசியம் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

கம்பி போன்ற அந்தக் கருவியினுள் நிகழ்வதைச் சற்றுக் கவனியுங்கள். வெளியிலுள்ள பித்தளைக் குழாய் உஷ்ணத்தால் நீள, அதனுள் இருக்கும் இன்வார் என்னும் இரும்பு-நிக்கல் உலோகக் கம்பி ஏறக்குறைய நீளாமலே நிற்க, அந்த அற்ப வித்தியாசமே உரிய சமயத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. இன்வாரை 1896-இல் கண்டறிந்த விஞ்ஞானி கியோம், 1920-இல் பௌதிக நோபல் பரிசு பெற்றார். அத்தகைய ஞானத்தின் பலன் சில நூறு ரூபாய்க்குக் கடையில் கிடைக்கும்போது, அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் வயரை முறுக்கி வைப்பது எனக்குச் சகிக்கவில்லை.

நம்மூர் ஏரிக்குக் கலங்கல் எதற்காக என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாலாற்றுத் தண்ணீர் எவ்வளவு வந்தாலும் கரை உடையாதபடி மிகுதியை வெளியே விடுவதற்காக. 2,000 வாட் ஹீட்டருக்கும் அவ்விதக் காவல்கள் உண்டு: தெர்மோஸ்டாட், அது தவறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட், அதுவும் தவறினால் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு. பல மாதிரிகளில் முதலிரண்டும் ஒரே கருவியில் அடங்கியிருப்பதால், 'டைரக்ட்' கொடுப்பவர் இரண்டையும் ஒருங்கே நீக்கிவிடுகிறார். போர்வெல் தண்ணீரின் உப்பு வால்வையும் அடைத்துவிட்டால், சுவிட்சை அணைக்க மறந்த ஒரு காலையில் தொட்டியே வெடிக்கக்கூடும்.

மாற்றும் வேலை கடினமன்று. ஆனால் அலட்சியத்துக்கு அதில் இடமில்லை. பழைய வீடுகள் சிலவற்றில் சுவிட்ச் நியூட்ரல் கம்பியில் இணைக்கப்பட்டிருக்கும். சுவிட்சை அணைத்த பின்னரும் உள்ளே 230 வோல்ட் உயிரோடு நிற்கும். எனவே முதலில் மின்சாரம் உள்ள வேறொரு பாயிண்டில் டெஸ்டரைச் சோதித்து, பின் மெயினையே அணைத்துவிட்டு, பிளக் இருந்தால் அதையும் பிடுங்கிவிட்டு, அதன் பிறகே ஹீட்டரின் மூடியைக் கழற்றி, முனைகளில் டெஸ்டரை வைத்துப் பார்க்க வேண்டும். எந்த வயர் எந்த முனையில் இருந்தது என்பதைச் செல்போனில் படமெடுத்துக்கொள்வது உத்தமம். கம்பி வடிவத் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் தண்ணீர் படாத தனிக் குழாயில் செருகப்பட்டிருப்பதால், தொட்டியைக் காலி செய்யாமலே அதை உருவிவிடலாம். பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், அதே நீளமும் அதே ஆம்பியரும் கட்-அவுட்டும் உள்ளதாகக் கேட்டு வாங்கி, முனைகளைத் தளர்வின்றி முறுக்க வேண்டும். தளர்ந்த முனை சூடேறிக் கருகும். வெப்பத்தை 60 பாகைக்கு மேல் வைக்காதிருந்தால் காயிலில் உப்புப் படிவதும் மட்டுப்படும்.

பச்சை வயர் அறுந்திருந்தாலோ, தொட்டியில் கசிவு இருந்தாலோ, எர்த்தின் மீது சந்தேகம் எழுந்தாலோ, மூடியைத் திரும்பப் பூட்டிவிட்டு உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைப்பதே தகும். அங்கே சுயமுயற்சி கூடாது. வருகிறவர் எவராயினும், கழற்றிய தெர்மோஸ்டாட்டையும் புதியதன் பெட்டியையும் காட்டும்படி கேளுங்கள். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் மாணவர்களோடு நின்றுவிடாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லத்தரசிகளுக்கும் ஓய்வுபெற்றோருக்கும் மெயினை அணைப்பது, டெஸ்டர் பிடிப்பது, தெர்மோஸ்டாட் மாற்றுவது ஆகிய இவ்வளவையேனும் நேரில் செய்யவைத்துக் கற்பிக்க வேண்டும். குளிர் தொடங்குமுன், ஐப்பசியிலேயே அதை ஆரம்பிக்கலாம்.