முள்ளா, நம்பரா?

குப்பத்திற்கு ஆய்வு செய்ய வந்த நாள்முதல் என்னுடன் இருப்பது அப்பா ஓட்டித் தந்த பழைய நூறு சிசி வண்டி. இராமகுப்பம், சாந்திபுரம் பகுதிச் சிற்றூர்களுக்குக் களப்பணி செல்வது அதில்தான். அண்மையில் அதன் வேகமானி நின்றது. உதிரிபாகக் கடையில் "மீட்டர் போய்விட்டது" என்றேன். "முழு செட்டும் மாற்றிவிடுங்கள்" என்றார்கள். அவர்கள்மீது பிழையில்லை, நான் சொன்ன தொடருக்கு அதுவே பொருத்தமான விடை.

மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி வேறு: "முள்ளு நின்னுச்சா, நம்பர் நின்னுச்சா?"

(தெலுங்கில் முல்லு, கன்னடத்தில் முள்ளு. 1997-இல் திராவிடப் பல்கலைக்கழகம் இவ்வூரில் அமைந்ததன் பொருத்தம் பட்டறையிலும் விளங்குகிறது.)

அக்கேள்வியில் ஒரு பகுப்பாய்வே அடங்கியிருக்கிறது. முன்சக்கரத்தின் சுழற்சியை 'மீட்டர் வார்ம்' எனும் சிறு பற்சக்கரம் கேபிளுக்குக் கடத்துகிறது. அக்கேபிள் மீட்டருக்குள் இரு வேலைகள் செய்கிறது. பற்சக்கரங்கள் வழியாக எண் உருளைகளை நகர்த்துவது ஒன்று. மற்றது, ஒரு காந்தத்தைச் சுழற்றுவது. காந்தம் சுழல, அதைச் சூழ்ந்த அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து கிண்ணத்தைத் திருப்ப முயலும். மெல்லிய சுருள்வில் அதைத் தடுக்கும். இவ்விழுபறியே முள் காட்டும் வேகம். ஓட்டோ ஷுல்ட்ஸே 1902-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. முள்ளைக் கேபிள் தொடுவதே இல்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

ஆகவே எண் ஓடி, முள் மட்டும் நின்றால் கோளாறு பெரும்பாலும் காந்தம், கிண்ணம், சுருள்வில் பக்கம். முள் அசைந்து எண் நின்றால் உள்ளிருக்கும் பற்சக்கரத்தில். முள் துடித்தால் கேபிள் உலர்ந்தோ மடிந்தோ இருக்கலாம். இரண்டும் ஒருசேர நின்றால் மீட்டரைக் கழற்றுமுன் கேபிளையும் வார்மையும் பார்க்க வேண்டும். பஞ்சர் ஒட்டி முன்சக்கரத்தை மாட்டியபோது வார்மின் நாக்கு பள்ளத்தில் அமராமலும் போயிருக்கலாம்.

என் வண்டியில் இரண்டும் நின்றிருந்தன. கேபிளின் மேல்முனையைக் கழற்றி முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினார். உள்கம்பி சுழலவில்லை, உருவினால் பாதியில் அறுந்திருந்தது. முழு மீட்டரை மாற்றியிருந்தால் புதியதும் அப்படியே நின்றிருக்கும்!

'மீட்டர்' என்ற ஒற்றைச் சொல்லில் முள், எண், கேபிள் மூன்றையும் அடைத்து நாம் பேசுகிறோம். வேகமானி எனும் கலைச்சொல்லாலும் இக்குறை தீராது. அதுவும் முழுக் கருவிக்கே பெயர். பகுதிகளைப் பிரித்துச் சொல்லத் தெரியாதவர் முழுமைக்கும் விலை கொடுக்கிறார். பழைய எண்ணையும் இழக்கிறார். அப்பாவின் பயணங்களும் என் களப்பணியும் சேர்ந்த தொகை அது. புதிய மீட்டரோ சுழியத்திலிருந்து தொடங்கும். கிண்ணம் பழுதாகிப்போய் மாற்றியே ஆகவேண்டிய நிலையும் வரும். அப்போது பழைய எண்ணையும் தேதியையும் வண்டியின் சேவைப் புத்தகத்தில் குறித்துவிட்டுக் கழற்றுங்கள். விற்கும் நாளில் வாங்குபவருக்கு அந்த உண்மை வேண்டும்.

நின்ற மீட்டருடனேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டும் ஆய்வு நண்பர்களும் இருக்கிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 117-ஆம் விதி வேகமானியைக் கட்டாயமாக்குகிறது என்பது இருக்கட்டும். மலைச்சரிவில் இறங்கும்போது வேகத்தைக் காற்றின் ஒலியால் ஊகிக்கும் துணிச்சல் எனக்கில்லை.

என் களக்குறிப்பேட்டில் ஒவ்வோர் ஊருக்கும் பிரிவுச் சாலையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என எழுதும் வழக்கம் உண்டு. கேபிள் அறுந்திருந்த நாள்களில் சென்ற ஊர்களுக்கு எதிரே அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. மறுபடி போய்வர வேண்டும்.