நம் தஹாரத்துக்காக யார் குழியில் இறங்குவது?

ஐப்பசி அடைமழையில் தொடங்கி மார்கழிப் பனி விலகும்வரை நம் மஹல்லாக்களில் ஒரே முறையீடு கேட்கிறது. கழிவறையில் தண்ணீர் இறங்கவில்லை. குளியலறையில் கறுப்பு நீர் மேலேறுகிறது. உளூச் செய்ய இடமில்லை. ஆடையில் ஒரு துளி நஜீஸ் பட்டதோ என்று ஐயுற்று மும்முறை கழுவுகிற குடும்பம் அப்போது என்ன செய்கிறது? ஓர் ஆளை அழைத்துவரச் சொல்கிறது. அவர் வருகிறார், சட்டையைக் கழற்றுகிறார், தொட்டியின் மூடியைப் புரட்டுகிறார், உள்ளே இறங்குகிறார். நாம் சன்னலைச் சாத்திக்கொள்கிறோம்.

இதற்குப் பெயர் தஹாரத் என்றால், அதை எந்த மத்ஹபின் நூலிலிருந்து எடுத்தோம்?

"அவர் விரும்பித்தானே வருகிறார், கேட்ட கூலியைக் கொடுக்கிறோமே" என்பார்கள். "அது அவர்கள் வழிவழியாகச் செய்கிற வேலை" என்பார்கள். இரண்டாவது சமாதானம் முதலாவதைவிடக் கொடியது. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று மீலாது மேடைதோறும் முழங்குகிறோம். பிலால் (ரலி) அவர்களின் வரலாற்றைக் கேட்டுக் கண் கலங்குகிறோம். தொட்டி நிரம்பிய மறுகணம், எந்தச் சேரியில் ஆள் கிடைப்பார் என்று மட்டும் நமக்கு மிகச் சரியாகத் தெரிந்துவிடுகிறது.

அந்தக் குழிக்குள் இருப்பது வெறும் அழுக்கன்று. மூடிய தொட்டியில் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் தேங்குகின்றன. பின்னதற்கு முதலில் அழுகிய முட்டையின் நாற்றம் இருக்கும். அடர்த்தி ஏறியதும் மூக்கு உணரும் ஆற்றலையே இழந்துவிடும். உள்ளே நிற்பவர் நாற்றம் தணிந்ததென்று எண்ணும் நேரத்தில் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் விழுகிறார். மூடியைச் சற்று நேரம் திறந்து வைத்தால் போதும் என்பது அறியாமை. அந்த வாயு காற்றைவிடக் கனமானது. சகதியைக் கிளறக் கிளறப் புதிதாய் வெளிவருவது.

2013ஆம் ஆண்டின் சட்டம், உரிய பாதுகாப்புச் சாதனங்கள் இன்றி ஒருவரைச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இறக்குவதைத் தடை செய்கிறது. மாநகராட்சிக்கு மட்டுமன்று, வீட்டுக்காரருக்கும் அந்தத் தடை பொருந்தும். முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அல்லது இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இவ்வாறு இறப்பவரின் குடும்பத்துக்கு 30 இலட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்திருக்கிறது. சட்டத்துக்கு அஞ்சித்தான் நாம் திருந்த வேண்டுமா என்பது வேறு கேள்வி. தனக்கும் தீங்கிழைக்காதே, பிறருக்கும் தீங்கிழைக்காதே என்ற நபிமொழியை ஓதி வளர்ந்தவர்கள் நாம்.

"திடீரென்று அடைத்துக்கொண்டது, வேறென்ன செய்வது" என்பதே கடைசிப் புகலிடம். எது திடீர்? மழையில் நிலத்தடி நீர் உயரும். உறிஞ்சுகுழி நீரை ஏற்காது. நிரம்பிய தொட்டி வீட்டுக்குள் திரும்பும். ஆண்டுதோறும் நடப்பது இது. போதாக்குறைக்கு மொட்டைமாடி மழைநீர்க் குழாயையும் பலர் கழிவுநீர்க் குழாயோடு இணைத்து வைத்திருக்கிறார்கள். வலீமா முடிந்த இரவில் பிரியாணிச் சட்டிகளின் கொழுப்பும் நெய்யும் டால்டாவும் வெந்நீரோடு கழுவி ஊற்றப்படுகின்றன; குளிரில் அவை குழாய்க்குள் உறைந்து கல்லாகின்றன. சட்டியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவ எத்தனை நிமிடம் ஆகும்?

கழிவுநீர்த் தொட்டியை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, மழைக்கு முன்னரே, உறிஞ்சு லாரியை அழைத்து வெறுமையாக்க வேண்டும். தமிழ்நாட்டில் 14420 என்ற எண்ணில் அழைத்தால் போதும். லாரி சந்துக்குள் நுழையாது என்கிறீர்களா? அதன் குழாயை நீட்டி இணைக்கலாம். லாரிக்குச் செலவாகும் என்பவர்கள் திருமண மண்டபத்தின் மின்விளக்கு அலங்காரத்துக்குக் கொடுத்ததை நினைவுபடுத்திக்கொள்ளட்டும். நள்ளிரவில் மோட்டார் வைத்துத் தெருவுக்கு இறைத்துவிடும் சாமர்த்தியசாலிகளும் நம்மிடையே உண்டு. ஃபஜ்ருக்கு வரும் முதியவர் அந்த நீரில்தான் கால் வைத்து நடக்கிறார். மக்கள் நடக்கும் பாதையை அசுத்தப்படுத்துவது சாபத்துக்குரியது என்ற எச்சரிக்கை அவர்கள் காதில் விழவே இல்லை போலும்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. புரட்டாசி மாதத்து ஜும்ஆ ஒன்றில் இதை அறிவியுங்கள். ஒரே நாளில் தெரு முழுவதற்கும் லாரியைப் பேசி அமர்த்துங்கள். இயலாத வீட்டாரின் பங்கைப் பொது நிதியிலிருந்து கொடுங்கள். முதலில் பள்ளிவாசலின் தொட்டியைத் திறந்து பாருங்கள். வெள்ளிதோறும் நூற்றுக்கணக்கானோர் பயன்படுத்தும் அந்தக் கழிவறைகளின் தொட்டியைக் கடைசியாக எவர், எப்படிச் சுத்தம் செய்தார் என்பதை நிர்வாகக் குழுவின் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.