மலைக் கடைகளில் புளூடூத் ஸ்பீக்கர் விற்கலாமா?



பாச்சலூரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் அரிசி, பருப்போடு டார்ச் லைட், செல்போன் சார்ஜரும் வைத்தாக வேண்டும். ஒட்டன்சத்திரம் இறங்கி ஏறினால் ஒரு நாள் வேலை கெட்டுவிடும். ஆகவே வாடிக்கையாளர் எதையும் நம்மிடமே கேட்கிறார். இப்போது கையடக்கமான புளூடூத் ஸ்பீக்கரும் கேட்கிறார்கள். காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பவர்கள் பாட்டுக் கேட்பதற்காக வாங்குகிறார்கள்.

'தண்ணீர் புகாது' என்று அட்டையில் அச்சடித்திருந்ததை நம்பி ஒரு டஜன் எடுத்து மலைக் கடைகளுக்கு அனுப்பினேன். ஐப்பசி மழையில் ஐந்து திரும்பி வந்தன. எடுத்த இடத்தில் கேட்டதற்கு, பில் இல்லாத சரக்குக்குப் பொறுப்பில்லை என்றார்கள். பில் வாங்காதது என் தவறு. கைப்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அந்தக் கடைக்காரர் தன் ஊர்க்காரரிடம் வாங்கிய பேச்சை என்னால் திருப்பி வாங்க முடியவில்லை.

அதன் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன்.

முதலில் 'ஐ.பி.' எண்ணைப் பாருங்கள். ஐ.பி. 67 என்றால் தூசி புகாது. 1 மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும். கீழே விழுந்தால் உடையுமா என்பதற்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. சார்ஜ் துளையின் ரப்பர் மூடி சரியாக மூட வேண்டும். ஈரம் காயாமல் சார்ஜ் போடக் கூடாது.

இரண்டாவது, புளூடூத்துக்கு டவர் தேவையில்லை. ஆனால் சிறிய பெட்டிகளுக்கு எட்டும் தூரம் சுமார் 10 மீட்டர்தான். பாட்டு போனிலேயே பதிந்திருக்க வேண்டும். டவர் கிடைக்காத தோட்டத்துக்கு எஃப்.எம். உள்ள பெட்டியே உபயோகம். கடையிலேயே கொடைக்கானல் பண்பலையை வைத்துக் காட்டிவிட்டு விற்கலாம். அட்டையில் போட்டிருக்கும் மணிக்கணக்கு முழுச் சத்தத்தில் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, பி.ஐ.எஸ். பதிவு எண், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, பில். இவை இல்லாத சரக்கைத் தொடவே வேண்டாம். தயாரித்தவர் யாரென்று தெரியாத பொருளால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவரே பதில் சொல்ல நேரிடும். பேட்டரி உள்ள பொருள் என்பதை மறக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. நம் மலையில் யானையும் காட்டுமாடும் நடமாடுகின்றன. கிளை முறியும் ஓசை காதில் விழுந்தால்தான் ஆள் விலக முடியும். "சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுப்பதும் நம் கடமையே.

ஆகவே, விற்கலாம் என்பதே என் கருத்து. நான்கைந்து மட்டும் எடுங்கள். ஒன்றை முதலில் நம் வீட்டு முற்றத்து மழையில் வைத்துப் பாருங்கள். ஆன்லைனில் வாங்கியவர் குறை சொல்ல ஆளைத் தேட வேண்டும். நம்மிடம் வாங்கியவர் மறுநாள் காலையே கடை வாசலில் நிற்பார். அவர் முகத்தைப் பார்த்துப் பேசக்கூடிய சரக்கையே விற்போம்.