முகாம் என்றால் ஏரிக்கரை



முகாம் என்ற சொல்லைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று நான் கேட்கத் தேவையில்லை. எனக்கும் அதுதான் வரும். தறப்பாள் கூரை, தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் வாளி வரிசை, விடியமுன் எழும்பி மலசலகூடத்துக்கு ஓடுவது, ஒரு கொட்டிலுக்குள் இரண்டு மூன்று குடும்பம். 2009இல் அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், அழவேண்டும் போலிருந்தால்கூட அதற்கொரு மூலை கிடைக்கவில்லை.

எங்கள் கொட்டிலில் இருந்த அக்கா ஒருவரை எனக்கு 1996 இலிருந்தே தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னியில் ஒரு குளத்தடியில் நாங்கள் குடியிருந்த காலம் அது. அவருக்குக் கணவர் இல்லை, மூன்று பிள்ளைகள். பின்னேரத்தில் அடுப்பு வேலை முடிந்ததும் ஒரு தடியும் தூண்டிலும் எடுத்துக்கொண்டு குளக்கட்டுக்குப் போவார். சில நாள் இரண்டு கெளுத்தி கொண்டுவருவார், பல நாள் வெறுங்கையோடு வருவார். "பொழுதுபட்ட நேரத்தில இவளுக்குக் குளத்தடியில என்ன வேலை?" என்று ஊர் கேட்டது. நானும் ஒருநாள் கேட்டுவிட்டேன். "மீனுக்கில்லைப் பிள்ளை, கொஞ்ச நேரம் ஒருத்தரும் என்னைக் கூப்பிடாமல் இருக்கட்டும் எண்டுதான்" என்றார்.

அண்மையில் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெயின் மாநிலத்தைப் பற்றி வாசித்தபோது அந்த அக்காவின் நினைவு வந்தது. அந்த ஊர்ச் சனங்கள் கோடை வந்தால் "காம்புக்குப் போகிறோம்" என்கிறார்கள். அவர்களுடைய காம்ப், ஏரிக்கரையில் மரக்குற்றிகளால் கட்டிய சிறு வீடு. அதற்குள் ஒரு கட்டில், ஒரு விறகடுப்பு, ஒரு லாம்பு, வாசலில் ஒரு கதிரை இருக்கும். நாங்கள் ஓடித் தப்பவேண்டும் என்று நினைத்த ஒன்றின் பெயரை, அவர்கள் காசு சேர்த்து ஆசையோடு தேடிப்போகும் ஒன்றுக்கு வைத்திருக்கிறார்கள். அதுவும் சிலர், பெண்கள் உட்பட, வேண்டுமென்றே தனியாகப் போகிறார்கள். ட்றவுட் என்னும் மீனைத் தூண்டிலில் பிடிப்பதற்காக.

அந்த மாநிலத்தின் மேற்குப் பக்கத்தில் றேஞ்ச்லி ஏரிகள் என்று ஒரு கூட்டம் ஏரிகள் உள்ளன. அவற்றில் ஒன்றின் பெயர் மூஸ்லுக்மெகன்ரிக். அந்த மண்ணின் ஆதிக்குடிகளான அபெனாக்கி மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர் இது. குளிர்காலம் முழுவதும் இந்த ஏரிகள் உறைந்து கிடக்கும். ஏப்ரல் கடைசியில் அல்லது மே தொடக்கத்தில்தான் பனிக்கட்டி உடைந்து தண்ணீர் தெரியும். அந்த நாளை ஊரே காத்திருந்து கொண்டாடும்.

தனியாகப் போகும் ஒரு பெண்ணின் நாள் அங்கே எப்படிப் போகும் தெரியுமா? விடியும்போது கூதல் அடிக்கும். அடுப்பை மூட்டி ஒரு கோப்பை கோப்பி குடித்துவிட்டு வெளியே வந்தால் ஏரிமேல் புகார் மூடியிருக்கும். புகாருக்குள்ளிருந்து லூன் என்ற நீர்ப்பறவை கத்தும். முதன்முதல் கேட்பவருக்கு யாரோ பெண் ஓலமிடுவதுபோல இருக்குமாம். (எங்களில் பலருக்கு அது பிடிக்காது என்றுதான் நினைக்கிறேன்.) வள்ளத்தை அவிழ்க்குமுன் உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு, எந்தப் பக்கம் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று முகாம் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும். தனியாகப் போவதென்றால் ஒருவருக்கும் தெரியாமல் போவது என்று அர்த்தமில்லை. மே கடைசியிலும் ஜூனிலும் கருநிறச் சின்ன இலையான்கள் கூட்டமாக வந்து கடிக்கும். எங்கள் நுளம்பு பரவாயில்லை என்று தோன்றும்.

ட்றவுட் குளிர்ந்த, சுத்தமான தண்ணீரில்தான் வாழும். தண்ணீர் 20 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால் சோர்ந்துவிடும். எங்கள் நாட்டிலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரர் கொண்டுவந்து நுவரெலியாவிலும் ஹோட்டன் சமவெளியிலும் விட்டார்கள், அந்தக் குளிருக்குள்தான் அது நிலைத்தது. மெயினில் உள்ளது வேறு இனம். கரும்பச்சை முதுகு, பக்கத்தில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகள், இலையுதிர்காலத்தில் செம்மஞ்சள் வயிறு. படத்தில் பார்த்தாலே கொள்ளை அழகு.

இதைப் பிடிக்கும் விதம்தான் புதுமை. எங்களைப்போல மண்புழுவைக் கொளுவி, ஈயக்குண்டு கட்டி எறிவதில்லை. கோழி இறகு, மயிர், பட்டுநூல் இவற்றைத் தூண்டில் முள்ளில் சுற்றிக் கட்டி ஒரு பொய்ப்பூச்சி செய்கிறார்கள். அதற்குப் பாரமே இல்லை, எறிந்தால் போகாது. ஆகவே பாரத்தை நூலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மெல்லிய நீண்ட தடியால் நூலைப் பின்னுக்கு வீசி, அது முதுகுப்பக்கம் முழுதாக நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, பிறகு முன்னுக்கு வீசவேண்டும். அந்தக் கணம் பொறுக்காவிட்டால் நூல் சிக்கித் தலையில் விழும். பலம் தேவையில்லை, நேரம் தெரிந்தால் போதும். அதனால்தான் பெண்களும் முதியவர்களும் இதில் ஆண்களுக்குச் சமமாக நிற்க முடிகிறது.

இந்த ஏரிகளின் பெயரைத் தூர ஊர்களுக்குக் கொண்டுபோனவர் ஒரு பெண். கொர்னேலியா குறொஸ்பி, 1854இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர், உடலும் பலவீனம். வங்கியில் எழுதுவினைஞராக வேலை பார்த்தார். நாலு சுவருக்குள் இருந்தால் உடல் தாங்காது, வெளிக் காற்றில் இரு என்று வைத்தியர் சொல்ல, றேஞ்ச்லிப் பக்கம் வந்து விடுதிகளில் வேலை செய்தார். அங்கே காட்டு வழிகாட்டிகளிடம் மீன்பிடி பழகினார். 1886இல் நண்பர் ஒருவர் மூங்கிலால் செய்த தூண்டில்தடி ஒன்றைப் பரிசளித்தார். தான் போன இடம், பிடித்த மீன், சந்தித்த ஆட்கள் என்று உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதத் தொடங்கி, 'தூண்டில்தடி' என்று பொருள்படும் புனைபெயரையே வைத்துக்கொண்டார். அந்தப் பத்தி பெரிய நகரப் பத்திரிகைகளிலும் வந்தது. 1897இல் மெயின் மாநிலம் வழிகாட்டிகள் பதிவு செய்யவேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தபோது, முதலாம் இலக்க அனுமதிப்பத்திரம் கொர்னேலியாவுக்குத்தான் கிடைத்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பதிந்த அந்தத் தொழிலில் முதல் பெயர் ஒரு பெண்ணுடையது.

நியூயோர்க் கண்காட்சியில் மரக்குற்றி வீட்டின் மாதிரியொன்றை வைத்து, கணுக்கால் தெரியும் பாவாடையோடு அவர் நின்றது அக்காலத்தில் பெரிய பேச்சாகியது. காட்டில் நடக்கிறவளுக்கு நிலத்தைக் கூட்டும் பாவாடை எதற்கு? பெண்களே வாருங்கள் என்று எழுதி எழுதி அழைத்தார். மீனை அளவோடு பிடிக்கவேண்டும் என்பதையும் அந்தக் காலத்திலேயே சொன்னார். கல்யாணம் செய்யவில்லை. முழங்காலில் பட்ட காயம் பிற்காலத்தில் காட்டு நடையைக் குறைத்துவிட்டாலும், பலவீனமான பெண் என்று சொல்லப்பட்டவர் 92 வயதுவரை இருந்து 1946இல் காலமானார்.

எனக்கு அவரைவிடக் கெரி ஸ்ரீவன்ஸ் என்ற பெண்ணைத்தான் கூடப் பிடிக்கும். அவர் பேச்சாளரும் இல்லை, பத்திரிகையில் எழுதியவரும் இல்லை. தொப்பி தைக்கும் தொழில் தெரிந்தவர். கணவர் வழிகாட்டியாக இருந்தார். ஏரிகளுக்கு நடுவே அப்பர் டாம் என்ற அணைக்கட்டடியில் அவர்களுக்கு ஒரு சிறு வீடு. 1924 ஜூலை 1ஆம் திகதி வீட்டில் இருந்து சாம்பல்நிற இறகுகளை முள்ளில் வைத்து, ட்றவுட் தின்னும் சிறு மீனைப்போல ஒன்று கட்டினார். கட்டியதும் கை சும்மா இருக்குமா? வேலையை அப்படியே போட்டுவிட்டு அணைக்கட்டடிக்குப் போய் வீசிப் பார்த்தார். பெரிய மீன் ஒன்று பிடித்துக்கொண்டது. வெகுநேரம் போராடிக் கரையேற்றி நிறுத்துப் பார்த்தால் 6 இறாத்தல் 13 அவுன்ஸ்!

அந்த மீனைச் சஞ்சிகை ஒன்றின் தேசியப் போட்டிக்குப் பதிந்தார். இரண்டாம் பரிசு கிடைத்தது. உடனே "அந்தப் பொய்ப்பூச்சி எனக்கும் ஒன்று" என்று கடிதங்கள் வரத் தொடங்கின. தொப்பிக்கு இறகு தைத்த கை அல்லவா, நிறம் சேர்ப்பது அவருக்குச் சொல்லித் தரவேண்டிய வித்தை இல்லை. மற்றவர்கள் முள்ளை இடுக்கியில் பூட்டிவைத்துக் கட்டுவார்கள், கெரி வெறும் விரலிடுக்கில் பிடித்தே கட்டினார். ஏறக்குறைய முப்பது வருடம், 1953 வரை, வீட்டிலிருந்தபடியே கட்டி விற்றார். 'சாம்பல் ஆவி' என்று பொருள்படும் பெயரில் அவர் ஆக்கிய பொய்ப்பூச்சியை இன்றும் உலகெங்கும் கட்டுகிறார்கள். தையல் தெரிந்த, வீட்டில் இருந்தே ஏதாவது செய்யலாமா என்று யோசிக்கிற சகோதரிகள் இதை இன்னொரு தரம் வாசியுங்கள்.

இந்த வீச்சு மனத்தையும் உடலையும் ஆற்றும் என்று கண்டவர்களும் இருக்கிறார்கள். மெயினுக்கு அருகே உள்ள வேமொன்ற் மாநிலத்தில் 1996இல் 'காஸ்ரிங் ஃபோர் றிக்கவரி' என்ற அமைப்பு தொடங்கியது. தொடங்கியவர்களில் ஒருவர் சத்திரசிகிச்சை வைத்தியர். மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்த பெண்களுக்குத் தோளை அசைக்கக் கொடுக்கும் பயிற்சியும் இந்த நூல் வீசும் அசைவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே பதினான்கு பெண்களை இரண்டரை நாளுக்கு, ஒரு சதமும் வாங்காமல், தண்ணீர்க் கரைக்குக் கூட்டிப்போகிறார்கள். 2005இல் வாஷிங்டனில் வோல்ற்றர் றீட் இராணுவ மருத்துவமனையில், போரில் காயப்பட்டு வந்த படையினருக்கு இதே கலையைப் பழக்கத் தொடங்கினார்கள். நடுங்கும் விரலும் செயற்கைக் கையும் கொண்டவர்கள் இறகு கட்டப் பழகினார்கள்.

வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் போரில் காயப்பட்டவர் என்றால் சீருடை போட்டவர்தானா என்ற கேள்வியும் எழும்பியது. ஷெல்லுக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவளின் தோளும் நோகத்தான் செய்கிறது. அவளை எந்தக் கரைக்கு யார் கூட்டிப்போனார்கள்?

உங்களில் சிலர் இப்போதே சிரிப்பீர்கள்: "தனியாக இருக்க ஏரிக்குப் போறாவாம், நாங்கள் தனியாகத்தானே இருக்கிறம்." உண்மைதான். கணவரை இழந்தோ, தேடிக்கொண்டோ இருக்கும் பெண்ணுக்குத் தனிமையைப் புகழ்ந்து சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் தனித்து விடப்பட்டவளுக்குத்தான் ஒரு நிமிடமும் தனியாக இருக்க நேரமில்லை. பிள்ளைக்கு அப்பாவும் அவள்தான், கந்தோர் வரிசையில் நிற்பதும் அவள்தான், கடன்காரனுக்குப் பதில் சொல்வதும் அவள்தான். குளத்தடிக்குப் போகும் அந்த அரைமணித்தியாலத்துக்கும் ஊருக்குக் கணக்குக் காட்டவேண்டும். மெயின் காட்டுக்குப் போகும் பெண்ணுக்கு அந்தக் கணக்குக் கேட்க ஆளில்லை. எனக்கு அவளிடம் பொறாமை வந்தது ஏரிக்காக அல்ல, இதற்காகத்தான்.

அந்த அக்கா இப்போது வன்னியிலேயே வீடு கட்டி இருக்கிறார். பிள்ளைகள் மூவரும் வளர்ந்துவிட்டார்கள். குளம் நடந்து போகக்கூடிய தூரம்தான். போன மாதம் போனபோது நானும் அவரோடு குளக்கட்டுக்குப் போய் இருந்தேன். தூண்டிலை விட்டுவிட்டு மிதப்பைப் பார்த்தபடி நான் சொன்ன கதை முழுவதையும் கேட்டார். கொர்னேலியாவின் பாவாடைக் கதைக்குச் சிரித்தார். கெரி பிடித்த மீனின் நிறையைச் சொன்னதும், மூன்று கிலோ வருமே என்று உடனே கணக்குப் பார்த்துச் சொன்னார். இப்போது அங்கே பலர் மீனைப் பிடித்து, முள்ளைக் கழற்றி, ஈரக்கையால் தாங்கித் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள் என்று சொன்னேன்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.

"அப்ப கறிக்கு என்ன செய்யிறவை?"