சமயபுரம் சுற்றுலாவை விற்பது யார்?

ஞாயிறு, செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் சமயபுரத்தில் வந்திறங்கும் கூட்டத்தைப் பற்றி வணிகப் பெருமக்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மாசிக் கடைசி ஞாயிறன்று பூச்சொரிதல் தொடங்கி, அம்மன் 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருக்கும் காலத்திலும், சித்திரைத் தேரின்போதும் நம்மில் பலருக்குச் சாப்பிடக்கூட நேரம் கிடைப்பதில்லை. மற்ற நாள்களில் என்ன நடக்கிறது என்பதே நம் கேள்வி. வேன் வருகிறது. தரிசனம் முடிகிறது. ஒரு தேங்காய் பழத் தட்டு, ஒரு மாலை, குழந்தைகளுக்கு ஒரு பொம்மை. இரண்டு மணி நேரத்தில் வண்டி ஸ்ரீரங்கம் நோக்கிக் கிளம்பிவிடுகிறது.

அந்த வண்டி எங்கே, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது நம் ஊரில் முடிவாவதில்லை. ரயில் சீட்டை இணையத்தில் எடுக்கும் பழக்கம் 2002-இல் ஐ.ஆர்.சி.டி.சி. மூலம் வந்தது, இன்று கோயில் பயணத்தையும் மக்கள் கைப்பேசியிலேயே முன்பதிவு செய்கிறார்கள். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் தன் பயணங்களை இணையத்தில் விற்கிறது. வியாட்டர், கெட்யுவர்கைடு போன்ற அயல்நாட்டுத் தளங்களிலும் எந்த ஊர்க்காரரும் தம் பயணத்தைப் பட்டியலிடலாம். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் மாரியம்மனுக்குக் கோயில் எடுத்த நம் மக்கள், திருச்சி விமான நிலையத்தில் இறங்குவதற்கு முன்பே பணம் கட்டிவிடுகிறார்கள். 2024-இல் அங்கே புதிய முனையமும் திறந்தாகிவிட்டது. அவர்கள் கண்ணில் சமயபுரம் என்பது ‘ஒரு நாள் ஆலயப் பயணம்’ என்ற வரிசையில் ஒரு நிறுத்தம் மட்டுமே. விற்பவர் மீது நமக்குக் கோபமில்லை, அது அவர் தொழில். நம் ஊரை நாமே விற்காமல் இருப்பதுதான் நமக்குப் புரியவில்லை.

விற்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் கோயிலைத் தாண்டிப் பார்ப்பதில்லை. நம் கண்ணனூர் 13-ஆம் நூற்றாண்டில் போசள மன்னன் வீர சோமேசுவரன் தலைநகராக வைத்திருந்த ஊர். அவன் எடுப்பித்த போஜீஸ்வரர் கோயில் இங்கேயே இருக்கிறது. மாரியம்மனைத் தரிசித்துவிட்டு அங்கே செல்பவர் மிகச் சிலரே. இனாம் சமயபுரத்தில் ஆதி மாரியம்மன் கோயில் உண்டு. திருவெள்ளறையில் பல்லவன் தந்திவர்மன் காலத்தில் வெட்டிய ஸ்வஸ்திக வடிவக் கிணறு, நான்கு பக்கமும் படிகளோடு இன்றும் நிற்கிறது. மன்னச்சநல்லூர் பொன்னி என்று சொன்னால் எல்லா ஊர்க் கடைகளிலும் பெயர் தெரியும். ஆனால் நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, உமி நீக்கி, தவிடு போகத் தீட்டும் வேலையை நகரத்துப் பிள்ளைகள் எங்கே பார்த்திருக்கிறார்கள்? ஆலையைச் சுற்றிக் காட்டி, வாசலில் ஐந்து கிலோ பை கட்டி வைத்தால் விலை சொல்லாமலே விற்கும். இந்த அரை நாளைத்தான் நாம் விற்க வேண்டும்.

இணையத்தில் பட்டியலிடுவது பெரிய வித்தை அன்று. நம் இருப்புப் பதிவேட்டை ஒழுங்காக எழுதத் தெரிந்தவருக்கு இதுவும் தெரியும். எங்கே கூட வேண்டும், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், கட்டணத்தில் வண்டி, உணவு, வழிகாட்டி எது எது அடங்கும், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். இருக்கைதான் இருப்பு. பன்னிரண்டு இருக்கை என்றால் பன்னிரண்டுதான். தொலைபேசியில் ஒருவர் இரண்டு இருக்கை சொன்னால், அந்த நிமிடமே இணைய நாட்காட்டியிலும் இரண்டைக் குறைக்க வேண்டும். ஒரே சிப்பத்தை இருவருக்கு விலை பேசிய மண்டி எத்தனை நாள் நிற்கும்?

அயல் தளங்கள் எடுக்கும் கமிஷன் பொதுவாக நூற்றுக்கு இருபதுக்கும் மேல். ஆயிரம் ரூபாய்க் கட்டணத்தில் 200 ரூபாய்க்கு மேல் அங்கேயே போய்விடும். ஒரு சிப்பம் அரிசியில் நமக்கு நிற்பதை நினைத்தால் இது நெஞ்சைச் சுடும். ஆனாலும் வெளிநாட்டவர் கண்ணில் படுவதற்கு அது விளம்பரச் செலவு என்று கொள்ளலாம். கூகுள் வரைபடத்தில் தொழிலைப் பதிவு செய்யக் கட்டணமே இல்லை. முதலில் அதைச் செய்து, நேரே அழைப்பவர்களை நாமே பதிவு செய்துகொள்வோம். கமிஷன் தளம் பிறகு வரட்டும்.

ஒன்றில் மட்டும் நாம் கண்டிப்பாக இருக்க வேண்டும். தரிசனத்தை விற்கக் கூடாது. ‘வரிசை இல்லாமல் சிறப்புத் தரிசனம் வாங்கித் தரப்படும்’ என்று ஒரு வரி எழுதினால் முன்பதிவு குவியும், மறுக்கவில்லை. திருப்பதி தேவஸ்தானம் போலித் தளங்களை நம்பி ஏமாற வேண்டாம் என்று பலமுறை எச்சரித்திருக்கிறது. காவல் துறையிடம் புகாரும் தந்திருக்கிறது. அந்த வரிசையில் சமயபுரத்து வணிகர் பெயர் வந்தால், தெருவில் உள்ள அத்தனை கடைக்கும் அது இழுக்கு. கோயிலுக்குரிய சீட்டு கோயில் அலுவலகத்தில்தான். நம் கட்டணத்தில் அது சேராது என்று தெளிவாக எழுதிவிடுவோம்.

வண்டி விஷயமும் இருக்கிறது. கடைக்குச் சரக்கு ஏற்றும் வண்டியிலோ, வெள்ளைப் பலகை போட்ட சொந்தக் காரிலோ கட்டணம் வாங்கி ஆள் ஏற்றக் கூடாது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கும். மஞ்சள் பலகை வேன் வைத்திருப்பவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கும் வேலை கிடைக்கட்டும். ஜி.எஸ்.டி.யில் சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் வரை பதிவு தேவையில்லை என்பது பொது விதி. ஆனால் ஏற்கெனவே சரக்குக்குப் பதிவு பெற்ற கடைக்காரர் தம் பெயரில் பயணமும் விற்றால் அதுவும் அதே கணக்கில் சேரும். ஆகவே யார் பெயரில் நடத்துவது என்பதை ஆடிட்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

தனித்தனியே ஏழு பேர் ஏழு பட்டியல் போட்டு விலையைக் குறைத்துக்கொண்டே போவதை விட, சங்கத்தின் மூலம் ஒரே பயணமாகத் தொடங்குவது நலம் என்பது நம் கருத்து. கூட்டமில்லாத புதனும் சனியும் போதும். பன்னிரண்டு இருக்கை, காலை ஏழு மணிக்குப் புறப்பாடு. மன்னச்சநல்லூரில் இரண்டு ஆலை உரிமையாளர்களாவது சம்மதிக்க வேண்டும். இயந்திரத்துக்கு எட்டத்தில் நின்று பார்க்க ஓர் இடமும் ஒதுக்க வேண்டும். அவர்களிடம் பேச முன்வரும் உறுப்பினர்கள் அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு முன் செயலாளரிடம் பெயர் கொடுத்தால், பூச்சொரிதல் கூட்டம் தொடங்குமுன் இரண்டு மாதமாவது நடத்திப் பார்த்துவிடலாம்.