முதல் விருப்பம் யாருடையது?

பிளஸ் டூ மதிப்பெண் வந்த மறுநாளே நம் தெருக்களில் ஒரு கேள்வி சுற்றத் தொடங்கிவிடும்: "எந்தக் காலேஜ்?" பக்கத்து வீட்டு மாமா கேட்பார். ரேஷன் கடை வரிசையில் கேட்பார்கள். கல்லூரிப் பேருந்தின் படம் போட்ட துண்டறிக்கையோடு வருபவரும் கேட்பார். "உனக்கு எந்தக் காலேஜ் வேண்டும்?" என்று கேட்பவர் மட்டும் அரிது. முதல் கேள்விக்கு ஊரே பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்குப் பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும்.

பொறியியல் கலந்தாய்வு இந்த இரண்டாவது கேள்வியை எழுத்திலேயே கேட்கிறது. விருப்பப் பட்டியலின் முதல் வரியில் எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு? நம் பிள்ளைகளில் பலருக்கு அந்த வரியை வேறு யாரோ எழுதிவிடுகிறார்கள். விண்ணப்பம் போட்டுக்கொடுத்த கம்ப்யூட்டர் சென்டர்காரர் எழுதுகிறார். "பீஸ் ஒன்றும் கிடையாது, பஸ் வாசலுக்கே வரும்" என்று சொல்லிக்கொண்டு வரும் புரோக்கர் எழுதுகிறார். இவர்கள் யாரும் இல்லாத வீட்டில் பயம் எழுதுகிறது.

"அதெல்லாம் பெரிய காலேஜ், நமக்கெல்லாம் கிடைக்குமா?" இந்த 'நமக்கெல்லாம்' என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று கவனிப்போம். அது மதிப்பெண்ணைப் பார்த்து வந்த சொல் அல்ல. தனிக் குவளையும் தனிச் சுடுகாடும் காட்டி, இதுதான் உன் எல்லை என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி நம் நாக்கில் படிந்த சொல். 200-க்கு 185 கட்-ஆப் எடுத்த பிள்ளையும் அதைச் சொல்கிறது. தடுப்பவர் யாரும் எதிரில் இல்லாத கணினித் திரைக்கு முன்னாலும் நாமே நம்மை விலக்கி வைத்துக்கொள்கிறோம்.

கலந்தாய்வின் கணக்கோ எளிது. தரவரிசைப்படி நம் முறை வரும்போது, நம் பட்டியலின் முதல் வரியில் இடம் இருக்கிறதா என்று பார்க்கப்படும். இல்லையென்றால் இரண்டாவது, பிறகு மூன்றாவது. கிடைக்காத கல்லூரியை முதலில் எழுதிய காரணத்தால் கீழே உள்ளது கைநழுவிப் போகாது. பொதுப்பிரிவின் 31 விழுக்காடு யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்த நிலம் அல்ல. தரவரிசையால் அதில் இடம் பிடிக்கும் நம் பிள்ளை, பட்டியல் சாதியினருக்கு உரிய 18 விழுக்காட்டில் ஓர் இடத்தைக்கூடக் குறைப்பதில்லை. அருந்ததியருக்கான 3 விழுக்காடு உள் ஒதுக்கீடும் இந்த 18-க்குள்தான் வருகிறது. 6-ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு தனியாக இருக்கிறது. இத்தனை கதவுகள் இருக்கும்போது, விரும்பியதைப் பத்தாவது வரியில் ஒளித்து வைக்க ஒரு காரணமும் இல்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பெயர் பெரியது என்பதற்காக, மனம் ஒப்பாத ஒன்றை மேலே எழுதுவதும் ஆபத்துதான். ஒதுக்கீடு கிடைத்ததும் அதை ஏற்றுக்கொண்டே, பட்டியலில் அதற்கு மேலே உள்ளவற்றுக்காகக் காத்திருக்க வழி இருக்கிறது. மேலே உள்ள ஓர் இடம் காலியாகி அது நமக்கு வந்துவிட்டால், முதலில் கிடைத்தது போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. ஊர் மெச்சுவதற்காக மேலே போட்டு வைத்தது வந்து, உள்ளபடியே விரும்பியது போய்விட்டால் யாரை நோவது? ஆகவே ஒவ்வொரு வரியும் அதற்குக் கீழே உள்ளதைவிட நிஜமாகவே நமக்கு வேண்டியதாக இருக்க வேண்டும்.

அதை எப்படித் தெரிந்துகொள்வது? நான்கு கேள்விகள் போதும்.

முதலாவது, கல்லூரியின் பெயரைக் கையால் மறைத்துவிட்டுப் பாடப்பிரிவை மட்டும் பாருங்கள். நான்கு ஆண்டு இதைப் படிக்க மனம் வருகிறதா? பாடத்திட்டம் இணையத்தில் கிடைக்கிறது. பாடங்களின் தலைப்புகளையாவது ஒருமுறை வாசியுங்கள். கணினி அறிவியல் என்று எழுதியிருக்கும் பிள்ளையிடம் ஏன் என்று கேட்டால், "எல்லாரும் அதைத்தான் எடுக்கிறார்கள்" என்பதே பதிலாக இருந்தால், அது எல்லாருடைய விருப்பம். அந்தப் பிள்ளையுடையது அல்ல.

இரண்டாவது, முதல் இரண்டு வரிகளும் ஒரே நாளில் கைக்கு வந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். எதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லையோ அதுவே முதல் வரி.

மூன்றாவது, அங்கே இப்போது படிக்கும் நம் பிள்ளைகளிடம் கேட்டீர்களா? கல்லூரியின் விளம்பரத் தாள் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். விடுதியில் அறை எப்படிப் பிரிக்கிறார்கள்? உதவித்தொகை வரத் தாமதமானால் தேர்வு நுழைவுச்சீட்டை நிறுத்துகிறார்களா? சான்றிதழைத் திருப்பித் தருகிறார்களா? புகார் கொடுக்க யாராவது இருக்கிறார்களா? உயர்கல்வி நிறுவனங்களில் சம வாய்ப்பு மையமும், பாகுபாட்டைத் தடுக்கும் அலுவலரும் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் விதி செய்தது. விதி தாளில் இருந்தும், 2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலாவை இழந்தோம். பெரிய இடங்களுக்குப் போகவே கூடாது என்பதல்ல இதன் பொருள். போகும் இடத்தில் நம்மோடு நிற்க யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

நான்காவது பணம். பல வீடுகளில் முதல் விருப்பம் சாகும் இடம் இதுதான். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஒன்றிய அரசின் பங்கான 60 விழுக்காடு மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. அதனால் கணக்கு பிள்ளையின் பெயரில், ஆதாரோடு இணைந்து இருக்க வேண்டும். 7.5 விழுக்காட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆனால் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடையாது. கலந்தாய்வுக்குக் காத்திருக்க வேண்டாம், நேரே வந்து சேர்ந்துகொள் என்று அவசரப்படுத்துபவர் இதைச் சொல்ல மாட்டார். சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டும் கையில் இருக்கிறதா என்பதைக் கலந்தாய்வு தொடங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். சான்று ஒரு வாரம் தள்ளிப்போனால் ஒரு விருப்பமே தள்ளிப்போகக்கூடும்.

இந்த நான்குக்கும் பதில் கண்ட பிறகும், பணத்தாலோ தரவரிசையாலோ முதல் வரி கிடைக்காமல் போகலாம். அதற்காக அதை எழுதியது தவறாகிவிடாது. அண்ணல் அம்பேத்கர் பரோடா அரசின் உதவித்தொகையில் 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். 1916-இல் லண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். மறு ஆண்டே உதவித்தொகைக் காலம் முடிந்து, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டி வந்தது. லண்டன் நமக்கு எட்டாது என்று அவர் அந்த வரியை அடித்துவிடவில்லை. மும்பையில் பேராசிரியர் வேலை பார்த்துச் சேமித்த பணத்தோடும், கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜ், நண்பர்கள் ஆகியோரின் உதவியோடும் 1920-இல் அதே கல்லூரிக்குத் திரும்பினார். 1923-இல் முனைவர் பட்டத்தோடு வெளியே வந்தார். எங்கே போக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததால்தான் நின்ற இடத்திலிருந்து மறுபடியும் கிளம்ப முடிந்தது.

நம் தெருவில் பெரியவர்களுக்கும் படித்த அண்ணன், அக்காமார்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. பிள்ளையின் கடவுச்சொல் பிள்ளையிடமே இருக்கட்டும். பதிவு செய்யும் கைப்பேசி எண் வீட்டு எண்ணாக இருக்கட்டும். சென்டர்காரரின் எண்ணுக்கு ஓடிபி போனால், பட்டியலை மாற்றும் அதிகாரமும் அவரிடம் போய்விடும். உதவி வேண்டுமென்றால் மாவட்டந்தோறும் கலந்தாய்வுக்கான அரசு சேவை மையங்கள் இருக்கின்றன. அங்கே காசு கேட்க மாட்டார்கள். கல்லூரி முடித்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால், பத்துப் பிள்ளைகளின் பட்டியலைச் சரிபார்த்துவிடலாம்.

பட்டியலைப் பூட்டுவதற்கு முந்திய இரவு, பிள்ளை அதை வீட்டில் உரக்க வாசிக்கட்டும். ஒவ்வொரு வரிக்கும் அது ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு காரணம் சொல்லட்டும். அப்பாவும் அம்மாவும் இடையில் பேசாமல் கேட்கட்டும். இரண்டாம் வரிக்குக் காரணம் சொல்ல முடிந்து முதல் வரிக்குச் சொல்ல முடியவில்லை என்றால், அந்த முதல் வரியை வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். பூட்டும் வரை மாற்றலாம். அன்றிரவே மாற்றிவிடுவோம்.